பீட்டை வாங்காதீங்க, ஆளைப் பிடிங்க

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று நம்ம பக்கம் ராப் எழுதுகிற பசங்க இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். காலேஜ் கல்ச்சுரல்ஸில் மேடை ஏறுகிறார்கள், ரூமில் போர்வையைப் போர்த்திக்கொண்டு போனிலேயே ரெக்கார்ட் பண்ணி இன்ஸ்டாவில் போடுகிறார்கள், சிலர் எழுதுவது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்கள் பாட்டுகளை வரிசையாகக் கேட்டால் ஒன்று உறுத்தும். குரல் மாறுகிறது, வரி மாறுகிறது, பின்னால் ஓடுகிற இசை மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கிறது. யூடியூபில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் போட்டுவைத்த டைப் பீட்டை, அதாவது பெரிய ராப்பர் ஒருத்தரின் பாணியில் செய்துவைத்த பின்னணி இசையை, இறக்கி, அதன் மேல் இரண்டு வெர்ஸ் எழுதி, நடுவில் பல்லவி மாதிரி ஒரு ஹூக் வைத்துவிட்டால் பாட்டு முடிந்துவிடுகிறது. அந்த பீட்டைச் செய்தவருக்கு இவர் யாரென்றே தெரியாது. இவருக்கும் அவர் யாரென்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வருவதில்லை.

ஒரு ராப்பரும் ஒரு ப்ரொட்யூசரும் முழு ஆல்பத்துக்கும் சேர்ந்து உட்காருவது ஹிப்-ஹாப்பில் பழைய வழக்கம். அந்த இசையின் மிகச் சிறந்த ஆல்பங்களில் பல அப்படி வந்தவை. அந்த வழக்கம் எப்படி வேலை செய்கிறது, நம்ம பக்கத்துக்கு அது இப்போது ஏன் இவ்வளவு தேவை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும் என்று எனக்கு நாளாகவே எண்ணம்.

ப்ரொட்யூசர் என்றதும் சினிமாவுக்குப் பணம் போடுகிறவரை நினைக்க வேண்டாம். ஹிப்-ஹாப்பில் இவர்தான் இசையைக் கட்டுகிறவர். பழைய ரெக்கார்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பது, அதைச் சுழலவிட்டு லூப் ஆக்குவது, டிரம் வைப்பது, பேஸ் எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிப்பது, குரல் எவ்வளவு முன்னால் நிற்க வேண்டும் என்று மிக்ஸ் பண்ணுவது, கடைசியில் எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு வர வேண்டும் என்பது வரைக்கும் அவர் கை இருக்கும். சினிமாப் பாட்டில் மெட்டுப் போடுகிறவர் ஒருவர், வரி எழுதுகிறவர் ஒருவர், பாடிவிட்டுப் போகிறவர் இன்னொருவர். ராப்பில் எழுதுகிறவரே சொல்லவும் செய்கிறார், அதனால் அவருக்கு எதிரில் மிஞ்சுவது ஒரே ஆள். அந்த ஆளோடு பழக்கம் எப்படியோ, ஆல்பமும் அப்படித்தான் அமையும்.

வரலாறு கொஞ்சம் தெரிந்தால் இது தெளிவாகப் புரியும். 1970களில் நியூயார்க்கின் ப்ராங்ஸ் பகுதியில் ஹிப்-ஹாப் பிறந்தபோது டிஜேதான் எல்லாம். இரண்டு ரெக்கார்டுகளை வைத்து டிரம் மட்டும் வருகிற இடத்தை நீட்டி நீட்டி ஓட்டுவார், மைக் பிடித்தவர் கூட்டத்தை உசுப்பிவிட நின்ற துணையாள். அப்புறம்தான் மைக் பிடித்தவர் முன்னால் வந்தார். 1987-ல் எரிக் பி. & ராகிம் ஜோடி 'பெய்ட் இன் ஃபுல்' போட்டபோது டிஜே பெயர் முதலிலும் ராப்பர் பெயர் அடுத்தும் இருந்தது, இத்தனைக்கும் அந்த ஆல்பத்தில் எல்லாரையும் அசரவைத்தவர் ராகிம்தான். மற்றவர்கள் வரிக் கடைசியில் மட்டும் இயைபு வைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் வரிக்கு நடுவிலேயே இயைபை அடுக்கினார், கத்தாமல் நிதானமாகச் சொன்னார். கேங் ஸ்டார் என்ற ஜோடியில் டிஜே ப்ரீமியர் இசை, குரு ராப். ப்ரீமியர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பழைய ராப் ரெக்கார்டுகளிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பிடித்து, ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஸ்க்ராட்ச் பண்ணி அதையே ஹூக் ஆக்கிவிடுவார், அதாவது பாட்டின் பல்லவியை ராப்பர் எழுதவில்லை, டிஜே தன் கையால் எழுதினார். 1992-ல் பீட் ராக் & சி.எல். ஸ்மூத் ஜோடியின் ஆல்பமும் இந்த வரிசையில் வந்ததுதான்.

இந்த ஓட்டம் மாறியது 1990களின் நடுவில். 1994-ல் நாஸ் தன் முதல் ஆல்பமான 'இல்மாட்டிக்'குக்கு ப்ரீமியர், பீட் ராக், க்யூ-டிப், லார்ஜ் ப்ரொஃபசர் என்று நியூயார்க்கின் பெரிய கைகள் பலரிடம் ஆளுக்கு ஒன்று முதல் மூன்று வரை பீட் வாங்கினார். அது அற்புதமான ஆல்பம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன்பின் பெரிய கம்பெனிகளுக்கு அதுவே வாய்ப்பாடு ஆகிவிட்டது: ரேடியோவுக்கு ஒருத்தர் பீட், கிளப்புக்கு இன்னொருத்தர், காதல் பாட்டுக்கு வேறொருத்தர். ஆல்பம் ஒரு கடைத்தெரு மாதிரி ஆனது. அதே நாஸ் 2020-ல் ஹிட்-பாய் என்ற ஒரே ப்ரொட்யூசரோடு உட்கார்ந்து 'கிங்ஸ் டிசீஸ்' போட்டார், அதற்கு 2021-ல் அவருடைய வாழ்நாளின் முதல் கிராமி கிடைத்தது, 2023-க்குள் இருவரும் சேர்ந்து ஆறு ஆல்பம் முடித்துவிட்டார்கள். ஒரு ஆளோடு பழகிவிட்டால் வேலை எவ்வளவு வேகம் பிடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சரி, இந்த வகையில் ஒரே ஒரு ஆல்பத்தைத்தான் கேட்க முடியும் என்றால் எதைக் கேட்கலாம் என்று கேட்டால் என் பதில் 'மேட்வில்லனி'தான். எம்எஃப் டூம் ராப், மேட்லிப் இசை, இருவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர் மேட்வில்லன். 2004 மார்ச் 23-ல் ஸ்டோன்ஸ் த்ரோ என்ற சின்ன லேபிள் வெளியிட்டது. 22 பாட்டு, மொத்தம் 46 நிமிஷம். அமெரிக்காவில் ஆல்பங்களை வரிசைப்படுத்துகிற பில்போர்ட் 200 பட்டியலில் 179-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் இருபது வருஷம் கழித்து அந்த வருஷத்து ஹிட் ஆல்பங்கள் பல மறந்துபோய், இது மட்டும் புதுசாக ராப் கேட்க வருகிற ஒவ்வொரு தலைமுறைக்கும் வாசலாக நிற்கிறது.

டூமின் கதையே தனி. லண்டனில் பிறந்து நியூயார்க் பக்கம் வளர்ந்தவர், உண்மைப் பெயர் டேனியல் டூமிலே. தம்பியோடு சேர்ந்து கேஎம்டி என்ற குழுவில் இருந்தார். 1993-ல் தம்பி கார் மோதி இறந்துபோனார், கொஞ்ச நாளிலேயே அவர்கள் முடித்துவைத்திருந்த ஆல்பத்தைக் கம்பெனி வெளியிடாமல் கைகழுவிவிட்டது. சில வருஷம் ஆளே காணவில்லை. அப்புறம் முகமூடி போட்டுக்கொண்டு, காமிக்ஸ் வில்லனின் சாயலில் ஒரு பாத்திரமாகத் திரும்பி வந்தார், 1999-ல் தனி ஆல்பம் போட்டார், கடைசிவரை முகத்தைக் காட்டவில்லை. மேட்லிப் கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டு ஊர்க்காரர், உண்மைப் பெயர் ஓடிஸ் ஜாக்சன் ஜூனியர், ஜாஸ் முதல் இந்திப் படப் பாட்டு வரை எந்த ரெக்கார்டு கிடைத்தாலும் அள்ளிக்கொண்டு வருகிறவர். யாரோடு வேலை செய்ய ஆசை என்று ஒரு பத்திரிகை பேட்டியில் கேட்டதற்கு ஜே டில்லா என்ற ப்ரொட்யூசர், டூம் என்று இரண்டே பெயர் சொன்னார். இரண்டும் நடந்தது. டில்லாவோடு செய்தது 2003-ல் வந்தது.

லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டோன்ஸ் த்ரோ ஆட்கள் குடியிருந்த ஒரு வீட்டுக்கு அடியில், குண்டுவீச்சு நடந்தால் பதுங்குவதற்காக எப்போதோ கட்டிவைத்த ஒரு நிலவறை இருந்தது. மேட்லிப் அதில் உட்கார்ந்து பீட் செய்வார். டூம் மேலே வெளித் திண்ணையில் உட்கார்ந்து அந்த பீட்டுகளைக் கேட்டுக்கொண்டே எழுதுவார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்களாம், ஒருவர் பீட் நிறைந்த சிடியைக் கொடுப்பார், இன்னொருவர் கேட்டுவிட்டு வரியோடு வருவார், அவ்வளவுதான் உரையாடல். பேச்சு குறைவு என்பதால் கவனம் குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். மேட்லிப் விட்டுவைத்த இடைவெளியில் டூம் எங்கே நுழைகிறார், எங்கே வேண்டுமென்றே தாளத்துக்குப் பின்னால் தள்ளி நிற்கிறார் என்று கவனித்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

2002-ல் மேட்லிப் பிரேசில் போனார். சாவோ பாவ்லோவில் ஹோட்டல் அறையில் ஒரு சின்னக் கையடக்க டர்ன்டேபிள், ஒலித் துண்டுகளைப் பிடித்து வெட்டிச் சுழலவிடுகிற பாஸ் எஸ்பி-303 என்ற ஒரு சின்ன சாம்பிளர், ஒரு டேப் டெக், அங்கே கடைகளில் அள்ளிய ரெக்கார்டுகள், இவ்வளவுதான் வைத்திருந்தார். இந்த ஆல்பத்தின் சில முக்கியமான பீட்டுகள் அந்த அறையில் பிறந்தவை. எஸ்பி-303 அப்போதே பெரிய ஸ்டுடியோக்காரர்கள் திரும்பிப் பார்க்காத பெட்டி. நல்ல லேப்டாப் வாங்கிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன் என்று காத்திருக்கிற தம்பிமார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இதே மேட்லிப்தான் பின்னால் ஃப்ரெடி கிப்ஸ் என்ற ராப்பரோடு 2019-ல் போட்ட 'பண்டானா' ஆல்பத்தின் பீட்டுகளை ஐபேடில் செய்து முடித்தவர்.

அந்தப் பயணத்தில்தான் பெரிய அடியும் விழுந்தது. கூட எடுத்துப்போன, இன்னும் முடிக்காத டெமோ திருடுபோய், ஆல்பம் வருவதற்கு 14 மாதம் முன்னாலேயே இன்டர்நெட்டில் கசிந்துவிட்டது. இருவரும் மனம் விட்டுப்போய் ஆளுக்கு வேறு வேலை பார்க்கப் போனார்கள். திரும்பி வந்தபோது டூம் பழைய பதிவை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை, குரலைத் தணித்து, வேகத்தைக் குறைத்து, கரகரப்பாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி மறுபடி பதிவு செய்தார். கசிந்த டெமோவையும் வெளிவந்த ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்கிறவர்களுக்கு ஒரு பெரிய பாடம் அதில் கிடைக்கும். முதல் பதிவில் டூம் பீட்டோடு போட்டி போடுகிறார், இரண்டாவதில் பீட்டுக்குள் குடியேறிவிடுகிறார். ஒரே பீட், ஏறக்குறைய அதே வரி, ஆனால் ஆள் வேறு மாதிரி ஆகிவிட்டார். வாங்கிய பீட்டில் ஒரு நாளில் பாடி ஏற்றிவிடுகிற பாட்டுக்கு இந்த இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதே இல்லை.

ஆல்பத்தில் ஹூக் என்பதே அநேகமாகக் கிடையாது. நிறையப் பாட்டுகள் இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடும், சொல்ல வந்ததைச் சொன்னதும் நின்றுவிடும். 'அக்கார்டியன்' என்ற பாட்டில் டேடலஸ் என்ற இசைக்காரரின் ரெக்கார்டிலிருந்து எடுத்த ஒரு துருத்தி வாத்தியத் துண்டு திரும்பத் திரும்பச் சுழல்கிறது, டிரம் கிட்டத்தட்ட ஒதுங்கி நிற்கிறது, அதன் மேல் டூம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார். வேறொரு பாட்டில் ஆர்.டி. பர்மன் இசையமைத்த இந்திப் பாட்டின் துண்டு வருகிறது. இன்னொன்றில் டூம் தன்னுடைய மற்றொரு பாத்திரமான விக்டர் வானாக வந்து, தன் காதலி டூம் என்கிறவனோடு போய்விட்டாள் என்று திட்டுகிறார், அதாவது தன்னையே தான் திட்டிக்கொள்கிறார். சில பாட்டுகளில் ராப்பே இல்லை, வெறும் இசை. எத்தனை ராப்பர்கள் தங்கள் பெயர் போட்ட ஆல்பத்தில் வாயை மூடிக்கொண்டு பங்காளிக்கு இடம் விடுவார்கள்?

மேட்லிப் ஏன் இப்படிப் பிரேசில், இந்தியா என்று யாரும் தொடாத ரெக்கார்டுகளைத் தேடிப் போனார் என்பதற்கு ரசனை ஒரு காரணம், சட்டம் இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். 1991-ல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் அனுமதி இல்லாமல் ஒரு பழைய பாட்டைச் சாம்பிள் பண்ணியதற்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. அதுவரை பத்துப் பதினைந்து ரெக்கார்டைக் கலந்து ஒரு பாட்டுச் செய்தவர்கள் அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டி வந்தது. டி லா சோல் குழுவின் 1989 ஆல்பம் இந்தச் சாம்பிள் சிக்கலிலேயே மாட்டிக்கொண்டு 2023 மார்ச்சில்தான் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது. பெரிய ஹிட் பாட்டைத் தொட்டால் செலவு அதிகம், அதனால் புத்திசாலிகள் யாரும் கேட்காததைக் கேட்கப் பழகிக்கொண்டார்கள்.

இப்போது இந்தியாவுக்கு வரலாம். டெல்லியில் செஸ் ஆன் த பீட் என்ற ப்ரொட்யூசர் 2017-ல் பிரப் தீப்போடு 'கிளாஸ்-சிக்' ஆல்பத்தையும், 2018-ல் சீதே மௌத் ஜோடியோடு 'பயான்' ஆல்பத்தையும் செய்தார். ராப்பர்கள் வேறு, பஞ்சாபி ஒரு பக்கம், இந்தி ஒரு பக்கம், ஆனால் இரண்டும் டெல்லி என்று முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். அந்த ஊர்ச் சத்தத்தைக் கட்டியது பெரும்பாலும் ஒரே ஆளின் கை.

தமிழில் முதலில் அஸ்திவாரம் போட்டவர்கள் மலேசியத் தமிழர்கள். யோகி பி & நட்சத்திராவின் 'வல்லவன்' 2006-ல் வந்தது, தமிழில் முழு ஆல்பமாக ராப் நிற்கும் என்று நம்ம ஊர்ப் பையன்களுக்குக் காட்டியது அதுதான். 2012-ல் ஹிப்ஹாப் தமிழா 'ஹிப் ஹாப் தமிழன்' போட்டார்கள். ஆதி நம்ம கோயம்புத்தூர்க்காரர், சத்தியமங்கலம் பக்கம் இன்ஜினியரிங் படித்தவர், ஜீவாவோடு ஜோடி சேர்ந்து வந்தவர். இரண்டே பேர், சினிமாவுக்கு வெளியே, ஒரு முழு ஆல்பம் என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய துணிச்சல் என்று இப்போது சொன்னால் புரிவது கஷ்டம். அப்புறம் சினிமா அவர்களை எடுத்துக்கொண்டது, அவர்களும் அங்கே நன்றாக வேலை செய்தார்கள். 2019-ல் ராப்பர் அறிவும் ப்ரொட்யூசர் ஆஃப்ரோவும் சேர்ந்து 'தெருக்குரல்' போட்டார்கள். தமிழில் ராப்பரும் ப்ரொட்யூசரும் சரிசமமாகப் பெயர் போட்டுக்கொண்டு செய்த ஆல்பத்துக்கு இதையே நான் முதல் உதாரணமாகச் சொல்வேன். சாதியையும் அடையாள அரசியலையும் பேசுகிற அறிவின் வரிகள் அவ்வளவு கனமானவை, அவற்றைத் தாங்கி நிற்கவும் வேண்டும், தானே முன்னால் வந்து மறைத்துவிடவும் கூடாது என்ற அளவு ஆஃப்ரோவுக்குத் தெரிந்திருந்தது. யூடியூபில் இறக்கிய பீட்டுக்கு அந்த அளவு தெரியாது, ஏனென்றால் அதைச் செய்தபோது வரியே கிடையாது.

கொங்குப் பக்கத்துக்கு இது ஏன் குறிப்பாகத் தேவை என்றால், முதல் காரணம் நம்ம பேச்சு. நம்ம பேச்சின் நடை நிதானமானது, மரியாதை சேர்த்துச் சேர்த்து வாக்கியம் நீளும், கடைசியில் கொஞ்சம் இழுத்து இறங்கும். "ஏனுங்கண்ணா, எங்கீங்க போறீங்க" என்பதை ட்ராப் என்கிற அமெரிக்க அட்லாண்டா பாணி பீட்டின் வேகத்தில் வைத்தால் மூச்சு முட்டும். அதனால் என்ன நடக்கிறது? வீட்டில் அம்மாவிடம் ஒரு மாதிரி பேசுகிற பையன் மைக் முன்னால் நின்றதும் வடசென்னைக்காரர் மாதிரி பேச ஆரம்பித்துவிடுகிறான். சென்னைப் பேச்சு மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போது அது சிலிர்க்கவைக்கும். பொள்ளாச்சிப் பையன் அதைக் கடன் வாங்கும்போதுதான் கேட்க வருத்தமாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு பீட்மேக்கர் இருந்தால், "இல்லடா, நீ பேசுற மாதிரியே சொல்லு, நான் வேகத்தைக் குறைக்கிறேன்" என்று சொல்வார். நிமிஷத்துக்கு 140 அடியை 82-க்கு இறக்கி, இழுக்கிற இடத்தில் டிரம்மை எடுத்துவிட்டு வழிவிடுவார். டூம் தன் குரலைத் தணித்தபோது அவருக்குக் கிடைத்த இடம் அப்படிப்பட்டதுதான்.

இரண்டாவது காரணம் நம்ம ஊர்ச் சத்தங்கள். மாரியம்மன் நோம்பியில் கம்பம் நட்டு அதைச் சுற்றி ஆடும்போது அடிக்கிற அடியைக் கேட்டிருப்பீர்கள். ஜமாப் செட்டு, தப்பட்டை, உறுமி, பம்பை, பெருஞ்சலங்கை ஆட்டத்தில் நூறு கால் ஒன்றாக விழும்போது எழுகிற சலங்கைச் சத்தம், ஒயிலாட்டத்தின் அடவு. இவற்றில் பல அடிகள் மும்மூன்றாக நடப்பவை, நான்கு நான்காக நடக்கிற ஹிப்-ஹாப் டிரம் மேல் இதை எப்படி உட்காரவைப்பது என்பது ஒரு நல்ல பீட்மேக்கருக்கு மாதக்கணக்கில் வேலை வைக்கிற சுவாரஸ்யமான சிக்கல். பல்லடத்திலும் சோமனூரிலும் தெருவில் நடந்தாலே விசைத்தறி தாளம் போட்டுக்கொண்டே இருக்கும், அதை மைக் வைத்துப் பிடித்தால் உங்களுக்கே உங்களுக்கான டிரம் லூப் கிடைத்துவிடும், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். மாசாணியம்மன் கோயில் கூட்டமோ, ஈரோடு ஜவுளிச் சந்தையில் ராத்திரி விலை பேசுகிற சத்தமோ, காங்கேயம் எண்ணெய் மில்லோ, எதை வேண்டுமானாலும் ஆல்பத்தின் இரண்டு பாட்டுக்கு நடுவில் வைக்கலாம். ஆனால் இதை எல்லாம் அலைந்து பதிவு செய்து, சுத்தம் பண்ணி, வெட்டி, ஒட்டி, தூக்கிப்போட்டு, மறுபடி எடுக்க ஒரு ஆள் வேண்டும். எழுதுகிறவனே எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. சிலர் செய்கிறார்கள், அவர்களுக்கு வணக்கம், பெரும்பாலானவர்களுக்கு அது நடக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பெரிய கதையைச் சொல்வது நமக்குப் புதுசே இல்லை. அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடுகிறவர்களைப் பாருங்கள். ஒருவர் கதையை இழுத்துக்கொண்டு போவார், பின்பாட்டுக்காரர் வரியை வாங்கிப் பாடி, ஆமாம் போட்டு, மூச்சு வாங்க இடம் கொடுத்துக் கூடவே போவார். பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும், உடுக்கையின் வேகத்தை வைத்தே சண்டை வரப்போகிறதா சாவு வரப்போகிறதா என்று கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் இந்தக் கதையை முழுசாக டேப்பில் பதிவு செய்து, பின்னால் புத்தகமாகவும் கொண்டுவந்தார். பல இரவுகள் நீள்கிற ஒரு கதையை இரண்டு குரலும் ஒரு கைவாத்தியமும் தாங்கியிருக்கின்றன. இதை ராப் என்று நான் சொல்ல வரவில்லை, அது அதன் மரபில் தனியாக நிற்கிறது. ராப் பழகுகிற ஒரு கொங்குப் பையன் கேட்டுப் பழக வேண்டிய முதல் பாடம் இது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன், யூடியூபில் இருக்கிற எத்தனையோ ஃப்ளோ டுடோரியலுக்கு, அதாவது வரியைத் தாளத்தில் ஓடவிடச் சொல்லித்தருகிற வீடியோக்களுக்கு, முன்னால்.

இப்போது காசு விஷயம், இதில்தான் நம்ம ஆட்கள் நிறைய ஏமாறுகிறார்கள். நெட்டில் குறைந்த காசுக்கு பீட் வாங்கும்போது பெரும்பாலும் கிடைப்பது லீஸ்தான், சொந்தம் ஆகாது. அதே பீட்டை அவர் இன்னும் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். இத்தனை ஸ்ட்ரீம் வரைக்கும்தான் செல்லும் என்று அதில் வரம்பும் இருக்கும். பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு எக்ஸ்க்ளூசிவ், அதாவது எனக்கு மட்டும் வேண்டும் என்று போனால், வேறொருத்தர் ஏற்கெனவே வாங்கியிருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் இப்படித்தான் கீழே இறக்க வேண்டி வந்தது, அவன் அதற்குப் பிறகு ரொம்ப நாள் எழுதவே இல்லை. இளையராஜா பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போட்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று: சினிமாப் பாட்டில் ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை, இசைக்கும் வரிக்கும் தனி உரிமை. இரண்டு பக்கமும் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் ஏற்றினால் யூடியூபின் கருவியே பிடித்துவிடும், வருமானம் அங்கே போய்விடும். அந்தத் துண்டின் சாயலில் நீங்களே ஒருத்தரை வைத்து வாசித்துப் பதிவு செய்தாலும், மெட்டு அதேயாக இருந்தால் சிக்கல் சிக்கல்தான்.

சேர்ந்து ஆல்பம் செய்கிறவர்கள் முதல் பாட்டை ஆரம்பிக்கும் முன்பே பங்கை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நண்பன்தானே, அப்புறம் பார்த்துக்கலாம் என்பது வேண்டாம், அப்புறம் பார்க்கும்போது அவன் நண்பனாக இருக்க மாட்டான். மாஸ்டர் ரெக்கார்டிங்கில், அதாவது முடித்த மூல ஒலிப்பதிவில், யாருக்கு எவ்வளவு, எழுத்துக்கும் இசைக்கும் தனித்தனியாக எவ்வளவு, மேடைக் கச்சேரிக் காசு எப்படி, ஒருத்தர் விலகினால் ஆல்பம் யாரிடம் இருக்கும் என்று நாலு வரி போதும். இந்தியாவில் 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாட்டு எழுதுகிறவருக்கும் இசையமைக்கிறவருக்கும் ராயல்டியில் உரிமையை உறுதி செய்தார்கள், அதை வசூலித்துக் கொடுக்க ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. இரண்டு பேரும் தனித்தனியாக அதில் சேர்ந்துகொள்ளலாம். ராப்பர் எழுத்தாளராக, பீட்மேக்கர் இசையமைப்பாளராக.

பீட்மேக்கருக்குப் பெயர் போடுவதில்கூட இங்கே இன்னும் கஞ்சத்தனம் இருக்கிறது. பாட்டுத் தலைப்பில் ராப்பர் பெயர், ஃபீச்சரிங் பெயர், வீடியோ எடுத்தவர் பெயர், எடிட் பண்ணியவர் பெயர் எல்லாம் இருக்கும். இசை யாருடையது என்று தேடினால் டிஸ்கிரிப்ஷனில் ஏழாவது வரியில் இருக்கும். கவரில் இரண்டு பெயரும் ஒரே அளவில் இருக்கட்டும். இரண்டு பேருக்குமே பெயர் போகிற காரியம் என்றால் இரண்டு பேருமே கடைசிவரை உழைப்பார்கள், மிக்ஸ் சரியில்லாமல் வெளியே விட ஒருத்தராவது ஒத்துக்கொள்ள மாட்டார்.

எங்கே போய் ஆளைத் தேடுவது என்று கேட்பீர்கள். கோயம்புத்தூர் பீளமேட்டுக் காலேஜ் ஹாஸ்டல்களில் எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துக்கொண்டு யாருக்கும் காட்டாமல் நூறு பீட் சேர்த்து வைத்திருக்கிற பையன்கள் இருக்கிறார்கள், எனக்கே சிலரைத் தெரியும். திருப்பூரில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து போன் ஆப்பில் பீட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் செட்டில் உறுமி அடிக்கிற குடும்பத்துப் பையன் ஒருத்தன் சாம்பிளர் பழகினால் என்ன ஆகும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பீட் செய்கிறவர்கள் பொதுவாக வெளியே வந்து பேசுகிற ஆட்கள் இல்லை, நீங்கள்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். முதலிலேயே பன்னிரண்டு பாட்டுத் திட்டம் வேண்டாம், ஐந்து பாட்டு போதும், இருபது நிமிஷம் போதும். மொத்தத்தையும் முடித்து வைத்துவிட்டு, நடுவில் சிங்கிள் விட்டு லைக் எண்ணிக்கொண்டிருக்காமல், ஒன்றாக வெளியிடுங்கள். ஜமாப் செட்டுக்காரர்களையோ உடுக்கை அடிக்கிற பெரியவரையோ வைத்துப் பதிவு செய்தால், வாசிப்பவருக்கும் சட்டப்படி உரிமை உண்டு என்பதை அவரிடம் சொல்லி, அன்றைக்கே கையில் காசு கொடுத்து, அவர் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டு, கவரில் உங்கள் இரண்டு பெயருக்குக் கீழே அதையும் போடுங்கள்.